சான்றில்லாப் பெருமை வேண்டாம்

தமிழ்நாட்டின் பழம்பெருமையைப் பற்றிப் பேசாத மேடை இன்று இல்லை. பேசுவதில் குற்றமில்லை, தன் பெருமையை அறியாத ஜாதி தலை நிமிர்ந்து நிற்காது. ஆனால் பேசுகிறவரைப் பார்த்து, ‘ஐயா, இதற்கு ஆதாரம் என்ன? எந்த நூல்? எந்த வருஷத்துப் பதிப்பு? எத்தனையாவது பக்கம்?’ என்று ஒருவர் எழுந்து கேட்டுவிட்டால், மேடையில் மௌனம் நிலவுகிறது. சில சமயங்களில் கோபமும் எழுகிறது. கேட்டவர் தேசத் துரோகியாகவே ஆகிவிடுகிறார். இந்த நிலைமை நமக்கு அழகல்ல என்பதையும், இதை மாற்றுவதற்கு வேண்டிய சாதனம் காசில்லாமல் நம் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடக்கிறது என்பதையும் வாசகர்களுக்கு எடுத்துக் கூறுவதே நமது நோக்கம்.

ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் கற்கள்

உதாரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருவள்ளூர் ஜில்லாவில், ஆந்திர எல்லையை ஒட்டி, ஆரணியாற்றங்கரையில் இருக்கும் ஊத்துக்கோட்டையை அறியாதார் இல்லை. அதற்குத் தெற்கே சில மைல் தூரத்தில், கொற்றலையாற்றுப் பள்ளத்தாக்கில், அத்திரம்பாக்கம் என்ற சிற்றூர் இருக்கிறது. அருகே பூண்டி நீர்த்தேக்கம். சென்னை நகர மேயராக இருந்து அதற்கு அடிகோலிய தீரர் சத்தியமூர்த்தி 1943-ல் காலமாகிவிட்டார். அடுத்த ஆண்டில் நிறைவேறிய அணையைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. இன்று அந்த ஏரி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

1863-ம் வருஷம் மே மாதத்தில், பூகர்ப்ப சாஸ்திர இலாகாவைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவர் பல்லாவரத்தில் ஆதிமனிதனின் கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அதே வருஷத்தில் அவரும் அவருடைய சகா வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்துக்கு வந்து, அங்கே இத்தகைய கருவிகள் ஏராளமாகக் கிடப்பதைக் கண்டார்கள். பின்னர் டெர்ரா, பேட்டர்ஸன் ஆகியோரின் நூல் 1939-ல் வெளிவந்தது. நம்மவரான வி. டி. கிருஷ்ணஸ்வாமி 1947-ல் இந்தியாவின் கற்காலத்தைப் பற்றி எழுதினார். சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் பல ஆண்டுகள் அங்கே அகழ்ந்து ஆராய்ந்தார்கள். அவர்களும் சகாக்களும் எழுதிய கட்டுரை 2011-ல் ‘சயன்ஸ்’ பத்திரிகையில் வெளியாயிற்று. அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் வருஷம் என்று அது கூறியது. 2018-ல் ‘நேச்சர்’ பத்திரிகையில் வந்த மற்றொரு கட்டுரை, அதற்கு அடுத்த கற்காலக் கட்டத்துக்கு உரிய கருவிகள் சுமார் 3,85,000 வருஷங்களுக்கு முன்பே அவ்விடத்தில் தோன்றிவிட்டன என்று கூறி, உலகத்து அறிஞர்களை மறுபடியும் யோசிக்க வைத்தது.

இந்த விஷயம் உலகத்தை எட்டியது எப்படி? கல் பேசாது. இன்ன மண்ணடுக்கில், இன்ன ஆழத்தில், இன்ன நாளில் கிடைத்தது என்ற குறிப்பு கூட இருந்தால்தான் கல் சாட்சியாகும். ஃபூட் இதை உணர்ந்தவர். அவர் சேகரித்தவற்றை 1904-ல் சென்னை மியூஸியம் வாங்கிக்கொண்டது. அவர் காலமான பிறகு, 1914-ல், ஒவ்வொரு பொருளுக்கும் விவரம் தரும் அட்டவணை வெளிவந்தது. அந்த அட்டவணை இல்லாவிட்டால் அலமாரியில் இருப்பவை வெறும் கூழாங்கற்களே.

மேடையில் நடப்பது என்ன?

இவ்வளவு சீரிய ஆராய்ச்சியை நாம் எப்படிக் கையாளுகிறோம்? ‘அத்திரம்பாக்கத்தில் பதினைந்து லட்சம் வருஷத்துக் கருவி கிடைத்துவிட்டது, ஆகவே தமிழனுக்கு வயது பதினைந்து லட்சம்’ என்று ஒருவர் ஆரம்பித்தால், கரகோஷம் வானைப் பிளக்கிறது. மூலக் கட்டுரையைப் புரட்டிப் பார்த்தவர் இப்படிப் பேச மாட்டார். இன்றைய மனித இனத்தின் மிகப் பழைய எலும்புகளாக மொராக்கோ நாட்டில் கிடைத்து 2017-ல் அறிவிக்கப்பட்டவற்றுக்கே வயது சுமார் 3 லட்சம் வருஷந்தான். அத்திரம்பாக்கத்தின் மிகப் பழைய கருவிகளைச் செய்தவர்கள் நமக்கு முந்தைய வேறு மனித வகையினர். அவர்கள் என்ன பாஷை பேசினார்கள் என்பதைக் கல் சொல்லவில்லை. திராவிட மொழிக் குடும்பத்துக்கு வயது சுமார் 4,500 வருஷம் என்று 2018-ல் ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டது. அந்த மதிப்பீட்டை ஏற்பதும் மறுப்பதும் அறிஞர் பாடு. ஆனால் கல்லின் வயதை மொழியின் வயதாக்குவது அறிவுடையோர் செயல் ஆகாது.

இதனால் நேரும் நஷ்டம் சாமானியமானதல்ல. ஒரு பொய்ப் பெருமையைக் கண்டு சிரித்தவன், நமது மெய்ப் பெருமையையும் அந்தச் சிரிப்பிலேயே சேர்த்துத் தள்ளிவிடுகிறான். ஊத்துக்கோட்டைப் பக்கத்து மண் உலக சரித்திரத்தையே திருத்தியது என்பது உண்மை. அந்த உண்மைக்கு நாமே கறை பூசலாமா?

கம்ப்யூட்டரில் ஒரு குமாஸ்தா

பழைய நாட்களில் ஆராய்ச்சி செய்தவர்கள் சிறு சிறு சீட்டுகளில் நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பித்த ஊர், வருஷம், பக்கம் ஆகியவற்றை எழுதி, நூலால் கட்டி, தகரப் பெட்டிகளில் அடுக்கி வைத்தார்கள். ஒரு சீட்டு தொலைந்தால் ஒரு வாரத்து உழைப்பு வீண். நூலை எழுதி முடித்த பிறகு பிரசுரகர்த்தர், ‘எங்கள் முறை வேறு, வருஷத்தை முன்னே போடவேண்டும்’ என்றால், முந்நூறு குறிப்புகளையும் மறுபடி எழுத வேண்டும்.

இந்தச் சிரமத்தை ஒழிக்கவே மேற்கோள் நிர்வாக மென்பொருள்கள் என்ற சாதனங்கள் ஏற்பட்டன. அவை வேலை செய்யும் விதம் எளிது. கம்ப்யூட்டரில் ஒரு கட்டுரையையோ நூலகப் பட்டியலையோ பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு பொத்தானை அழுத்தினால், ஆசிரியர், தலைப்பு, பத்திரிகை, வருஷம், பக்கம் முதலிய விவரங்கள் தனித்தனி அறைகளில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. நூலின் பன்னாட்டு எண்ணையோ, கட்டுரைக்கு உரிய நிரந்தர அடையாள எண்ணையோ கொடுத்தாலும் அவ்வாறே விவரம் வந்து சேரும். நாம் எழுதும்போது வேண்டிய இடத்தில் மேற்கோளைச் செருகலாம். கடைசியில் நூற்பட்டியலை அது தானே தயாரித்துவிடும். முறையை மாற்ற வேண்டுமானால் பெயரைச் சொன்னால் போதும். முந்நூறு குறிப்பும் ஒரு நொடியில் உடை மாற்றிக்கொள்ளும்.

இது பண்டிதர்களுக்கு மட்டும் உரிய விஷயம் என்று அரசியல் ஊழியர்கள் நினைத்துவிடக்கூடாது. ஒரு கிராமத்து ஏரி ஆக்கிரமிப்பைப் பற்றி மகஜர் கொடுக்கிறோம். அதற்கு அரசாங்க உத்தரவின் எண்ணும் தேதியும் வேண்டும். சட்டசபை விவாதத்தின் பக்கம் வேண்டும். 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி பெற்ற பதில் வேண்டும். பத்திரிகைச் செய்தி வேண்டும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் காற்றைப் பற்றியோ நீரைப் பற்றியோ குறை கூற வருகிறவர், ‘எல்லோருக்கும் தெரியும்’ என்றால் அதிகாரி புன்னகை செய்வார். இன்ன அறிக்கை, இன்ன பக்கம் என்றால் பேனாவை எடுப்பார். இவை அனைத்தையும் ஒரே இடத்தில் சேர்த்து, கேட்ட கணத்தில் எடுத்துத் தரும் நம்பிக்கையான குமாஸ்தா இந்தச் சாதனம்.

யாருடைய ராட்டினம்?

இனி, எந்தச் சாதனத்தைக் கொள்வது என்ற கேள்வி. இங்கேதான் சுதேசி மனப்பான்மைக்கு வேலை இருக்கிறது. எண்ட்நோட் என்பது விலைக்கு விற்கப்படும் பழைய சாதனம். மெண்டலி 2008-ல் வெளிவந்து, இலவசமாகக் கிடைத்து, மாணவர்களைக் கவர்ந்தது. 2013-ல் எல்ஸெவியர் என்ற பெரிய பிரசுரக் கம்பெனி அதை வாங்கிவிட்டது. 2018-ல், உபயோகிப்பவர் தம் சொந்தக் கம்ப்யூட்டரில் வைத்திருந்த குறிப்புத் தொகுதியே பிற சாதனங்கள் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டது. இலவசமாகக் கொடுத்தவன் பூட்டையும் தன் கையில் வைத்திருக்கிறான் என்பது அப்போதுதான் பலருக்குப் புரிந்தது.

ஜோடெரோ வேறு வகை. அமெரிக்காவில் ஜார்ஜ் மேஸன் சர்வகலாசாலையைச் சேர்ந்த சரித்திர ஆசிரியர்கள் 2006-ல் வெளியிட்டது அது. விலை இல்லை, அதன் உள்ளமைப்பு எல்லோரும் பார்க்கும்படி திறந்தே இருக்கிறது, எவரும் திருத்தலாம். எண்ட்நோட்டின் அப்போதைய சொந்தக்காரரான தாம்ஸன் ராய்ட்டர்ஸ் கம்பெனி, தன் மேற்கோள் முறைக் கோப்புகளை ஜோடெரோ படிக்கிறது என்று கூறி, 2008-ல் அந்தச் சர்வகலாசாலைமீது வருஷத்துக்கு 1 கோடி டாலர் நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடர்ந்தது. 2009-ல் வழக்குத் தள்ளுபடி ஆயிற்று. மேற்கோளை எந்த வரிசையில் எழுதுவது என்பதுகூட ஒரு கம்பெனியின் சொத்தாகிவிடும் ஆபத்து அன்று இருந்தது.

‘ஜோடெரோவும் அன்னிய நாட்டில் பிறந்ததுதானே?’ என்று சிலர் கேட்கலாம். உண்மை. ஆனால் சுதேசி என்பது பொருள் பிறந்த இடத்தைப் பற்றியது மட்டுமன்று. அதன்மேல் நமக்குள்ள ஆட்சியைப் பற்றியது. பஞ்சை நாமே நூற்று, அறுந்தால் நாமே முடிந்துகொள்ளக்கூடிய ராட்டினத்தைத்தான் காந்தியடிகள் நம் கையில் கொடுத்தார். திறந்த மென்பொருள் அத்தகைய ராட்டினம். அதைத் தமிழுக்கு ஏற்பத் திருத்த எந்தக் கம்பெனியின் வாசலிலும் நாம் நிற்க வேண்டியதில்லை.

தமிழுக்குள்ள இடைஞ்சல்கள்

திருத்த வேண்டியது உண்டா என்றால், உண்டு. முதலாவது நம் பெயர். இந்தச் சாதனங்கள் பெயரைக் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டாகப் பிரித்துக் கேட்கின்றன. தமிழனுக்குக் குடும்பப் பெயர் ஏது? ஊரின் முதலெழுத்து, தகப்பனார் பெயரின் முதலெழுத்து, பிறகு தன் பெயர். இதுவே நம் வழக்கம். இந்தியாவின் நூலக இயலுக்குத் தந்தை எனப்படும் எஸ். ஆர். ரங்கநாதனின் பெயரில் சீர்காழி ஊரும், ராமாமிர்தம் என்ற தகப்பனாரும் இருக்கிறார்கள். ரங்கநாதன் என்பதே அவர். வெளிநாட்டு வழக்கத்துக்கு இசைந்து தகப்பனார் பெயரைப் பின்னால் போட்டுக்கொள்ளும் நம் இளைஞர்கள், உலகத்துப் பட்டியல்களில் தம் தகப்பனார் பெயரால் அழைக்கப்படுகிறார்கள். ஒரே ஆராய்ச்சியாளர் ஒரு கட்டுரையில் ஒருவராகவும் மற்றொன்றில் வேறொருவராகவும் தோன்றினால், அவருடைய உழைப்பு இரண்டாகச் சிதறுகிறது. பெயரைப் பிரிக்காமல் ஒரே அறையில் எழுத ஜோடெரோவில் இடமுண்டு. நாம் ஒரு முறையை வகுத்துக்கொண்டு, எல்லோரும் அதன்படி நடக்கவேண்டும், அதுவே குறை.

இரண்டாவது, அகர வரிசை. யூனிகோட் குறியீட்டில் ன என்பது ந-வுக்கு அடுத்தும், ற என்பது ர-வுக்கு அடுத்தும் வைக்கப்பட்டிருக்கின்றன. வெறும் குறியீட்டு எண்படி நூல்களை அடுக்கினால் நெடுங்கணக்கு குழம்பும். புள்ளி வைத்த எழுத்தும் முன்னே வரவேண்டியது பின்னே போகும். தமிழ் வரிசையை அறிந்த முறைப்படி அடுக்கும்படி செய்ய வேண்டும்.

மூன்றாவது, வருஷம். நமது பழைய பதிப்புகள் பலவற்றில் பிரபவ, விபவ என்று அறுபது வருஷப் பெயரே அச்சிடப்பட்டிருக்கும். பிரபவ என்றால் 1867-ஆ, 1927-ஆ, 1987-ஆ? பதிப்பாளர் காலத்தை அறிந்தவர்தான் சொல்ல முடியும், யந்திரம் சொல்லாது.

நான்காவது, எழுத்துரு. தமிழக அரசு 2010-ல் யூனிகோடை ஏற்றது. அதற்கு முன் பாமினி போன்ற பலவகை எழுத்துருக்களில் அச்சடித்த ஆராய்ச்சி ஏடுகளை இந்தச் சாதனத்தில் கொட்டினால், தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துக்கள் நிற்கின்றன. மாற்றித் தரும் கருவிகள் உண்டு. மாற்றுவதற்குப் பொறுமையுள்ள கைகள் வேண்டும்.

ஐந்தாவது, ஊர்ப் பெயர். கொற்றலையாறு என்கிறார் ஒருவர். கொசஸ்தலையாறு என்கிறார் மற்றொருவர். ஊத்துக்கோட்டை சிலருக்கு ஊற்றுக்கோட்டை. அத்திரம்பாக்கத்தை ஆங்கிலத்தில் எழுதியவர்கள் ஆளுக்கு ஒரு விதமாக எழுதியிருக்கிறார்கள். ஒரு பெயரைக் கொண்டு தேடுகிறவனுக்கு மற்றப் பெயரில் இருக்கும் கட்டுரைகள் அகப்படுவதில்லை. அந்த ஊரிலேயே பிறந்த மாணவனுக்குத் தன் ஊரைப் பற்றி உலகம் எழுதியது தெரியாமல் போகிறது.

வழி காட்டிய முன்னோர்

இவற்றைத் தீர்க்க நமக்குச் சக்தியில்லையா? தமிழில் அச்சான நூல்களுக்கு வகைப்படுத்திய பட்டியலை ஜான் மர்டாக் என்ற பாதிரியார் 1865-லேயே வெளியிட்டார். ரங்கநாதன் 1924-ல் சென்னைச் சர்வகலாசாலை நூலகத்தின் தலைவரானார்; நூலகத்தின் ஐந்து விதிகளை 1931-லும், உலகம் வியந்த கோலன் பகுப்பு முறையை 1933-லும் வெளியிட்டார். சுதந்தர இந்தியாவில் முதன்முதல் பொது நூலகச் சட்டம் இயற்றியது 1948-ல் சென்னை மாகாணமே. கோட்டையூர் ரோஜா முத்தையா தனி மனிதராகவே திரட்டிய பெருந்தொகுதி, 1994-ல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக மலர்ந்தது. 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் தீக்கிரையாயின; அந்தப் புண்ணை மறவாத ஈழத் தமிழர்கள் 2005 முதல் நூலகம் என்ற மின்னூலகத்தை நடத்திவருகிறார்கள். பட்டியல் போடுவதும் பாதுகாப்பதும் நமது ரத்தத்தில் ஊறியவை. புதிய கருவியைக் கையில் எடுப்பதில்தான் தாமதம்.

இரண்டு எச்சரிக்கைகள்

சாதனம் நல்லது என்பதால் அதனிடம் அறிவை அடகு வைத்துவிடக்கூடாது. அது சேகரிக்கும் விவரத்தில் பிழை இருந்தால் பிழையையே அழகாக அச்சிட்டுத் தரும். படிக்காத நூலைப் பட்டியலில் சேர்ப்பவனை அது தடுக்காது. ஒவ்வொரு குறிப்பையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது மனிதனுடைய கடமை.

செயற்கை அறிவு யந்திரங்களின் விஷயத்தில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். கேட்டால் அவை இல்லாத நூலுக்கும் பெயர், வருஷம், பக்கம் எல்லாம் கூசாமல் சொல்லிவிடுகின்றன. 2023-ல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் இப்படிப்பட்ட யந்திரம் கொடுத்த பொய்த் தீர்ப்புகளைக் கோர்ட்டில் தாக்கல் செய்து, 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். நம் மேடைகளில் அபராதம் விதிக்க நீதிபதி இல்லை. ஆகவே நமக்கு நாமே நீதிபதியாக இருக்க வேண்டும்.

மாணவர்களுக்கு இது பிழைப்பு விஷயமும் ஆகும். சர்வகலாசாலை மானியக் குழு 2018-ல் செய்த விதிகளின்படி, பிறர் எழுத்தோடு 10 சதவீதத்துக்கு மேல் ஒத்திருக்கும் ஆராய்ச்சி ஏட்டைத் திருத்தித் தர வேண்டும். 60 சதவீதத்தைத் தாண்டினால் பதிவே ரத்தாகும். திருட வேண்டுமென்ற எண்ணமே இல்லாமல், எடுத்த இடத்தைக் குறித்துவைக்காத சோம்பலால் மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. கிராமத்திலிருந்து வந்து, குடும்பத்திலேயே முதன்முதலாகச் சர்வகலாசாலைப் படியேறிய பிள்ளைக்கு இதைத் தமிழில் முதல் வருஷத்திலேயே சொல்லித்தராமல், ஐந்தாம் வருஷத்தில் தண்டிப்பது நியாயமாகுமா?

செய்ய வேண்டுவன

நாம் கோருவது அதிகமில்லை. கலாசாலைகள் ஆராய்ச்சி மாணவர்களுக்கு மட்டுமின்றிப் பட்ட வகுப்பிலேயே இந்தச் சாதனத்தைத் தமிழில் கற்பிக்க வேண்டும். அரசாங்கத்தின் பணத்தில் நடக்கும் நூலகங்கள் அனைத்தும் தங்கள் பட்டியல் விவரங்களை, ஒரு பொத்தானில் எடுத்துக்கொள்ளும்படியான வடிவில் தருவதை விதியாகக் கொள்ள வேண்டும். தமிழ்ப் பெயர், அகர வரிசை, வருஷம், ஊர்ப் பெயர் ஆகிய நான்குக்கும் தமிழறிஞரும் நூலகத்தாரும் கணினி வல்லுநரும் கூடி ஒரு பொது முறையை வகுத்து வெளியிட வேண்டும். ‘பதிப்பாசிரியர்’, ‘தொகுதி’, ‘பக்கம்’ போன்ற சொற்களை ஒவ்வொரு பாஷையாரும் தாமே எழுதிச் சேர்க்கத் திறந்த சாதனங்களில் இடமிருக்கிறது. நம் வேலையைப் பிறர் வந்து செய்யக் காத்திருத்தல் தகாது.

மத்திய சர்க்கார் 2024 நவம்பரில், வெளிநாட்டுப் பத்திரிகைகள் உட்பட சுமார் 13,000 ஆராய்ச்சிப் பத்திரிகைகளை அரசாங்கக் கல்வி நிலையங்களுக்குக் கிடைக்கச் செய்ய மூன்று வருஷங்களுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கும் திட்டத்தை ஏற்றது. இவ்வளவு பணம் கொடுத்துப் பிறருடைய அறிவை வாங்குகிறோம். வாங்கியதைக் குறித்துவைக்கத் தெரியாதவனுக்கு அது ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர்தான். நம்முடைய அறிவைப் பிறர் எடுத்தாளும்படி ஒழுங்காகப் பட்டியலிட்டு வைக்காவிட்டால் நஷ்டம் இரட்டிப்பு.

அரசியல் ஊழியர்களுக்கு நமது விண்ணப்பம் ஒன்றே. அடுத்த முறை மேடை ஏறுமுன், சொல்லப்போகும் ஒவ்வொரு பெருமைக்கும் ஒரு சான்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சான்று அகப்படாத பெருமையைச் சொல்லாமல் விடுங்கள். பேச்சு சற்றுச் சுருங்கினால் குற்றமில்லை. எஞ்சி நிற்பதை எந்த எதிரியாலும் அசைக்க முடியாது. ‘எந்த நூல், எந்தப் பக்கம்?’ என்று கேட்பவனைக் கண்டு கோபிக்காமல், ‘இதோ’ என்று எடுத்துக் காட்டும் தமிழர் கூட்டம் ஊர்தோறும் தோன்றுமாக!